சிலிண்டரைப் போர் போடும் முன் கசிவைத் தேடுங்கள்: மண்ணில் ஓடிய யமஹா ஆர்எக்ஸ் 100

2025 ஜனவரி 4, கேள்வி

"கோவையில் ஒரு ஆர்எக்ஸ் 100 வாங்கினேன். 1994 மாடல். முன்பு வைத்திருந்தவர் மண் ரேஸுக்கு ஓட்டியிருக்கிறார். ஆயில் பம்ப் கிடையாது, பின்னால் பெரிய ஸ்ப்ராக்கெட், இரண்டு பக்கமும் பட்டன் டயர். சிலிண்டரை உள்ளே அறுத்துப் பெரிதாக்கி, அதாவது போர் போட்டு, புது பிஸ்டன் மாட்டினோம், 200 கிலோமீட்டர் தாண்டுவதற்குள் பிஸ்டன் சிலிண்டரில் பிடித்துக்கொண்டு ஜாம். அடுத்த சைஸ் போட்டோம், அதுவும் ஜாம். மெக்கானிக் அண்ணன் பெட்ரோலில் லிட்டருக்கு 60 மில்லி 2டி ஆயில் (டூ ஸ்ட்ரோக் ஆயில்) ஊற்று, ஜாமே ஆகாது என்கிறார். சரிதானா? இல்லை, வேற சிலிண்டர் தேடவா?"

2025 ஜனவரி 4, இரவு

வேண்டாம் தம்பி. ஆயிலையும் கூட்ட வேண்டாம், சிலிண்டரும் தேட வேண்டாம். போன பிஸ்டன் ஏன் செத்தது என்று தெரியாமல் அடுத்த பிஸ்டனை உள்ளே விடாதே. இந்த இழையில் நான் வேறு எதைச் சொன்னாலும் இதைத்தான் சுற்றிச் சொல்லிக்கொண்டிருப்பேன்.

ஆயில் கணக்கை முதலில் முடித்துவிடலாம். ஒரு லிட்டர் பெட்ரோலில் 20 மில்லி ஆயில் ஊற்றினால் கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் சின்னத் துளையான ஜெட் வழியாகப் போகும் ஒவ்வொரு சொட்டிலும் 98 சதவீதம் பெட்ரோல். 60 மில்லி ஊற்றினால் 94 சதவீதம். அதே ஜெட், அதே காற்று, ஆனால் பெட்ரோல் ஏறக்குறைய 4 சதவீதம் குறைவு. கலவை கெட்டியாவதால் ஜெட்டில் ஓடும் வேகமும் குறையும். ஆயில் கூடக்கூட எரிபொருள் குறைந்த கலவைதான் உள்ளே போகும், சூடு ஏறும். ஜாமைத் தடுக்க ஊற்றும் ஆயிலே ஜாமுக்கு வழி செய்யும்.

இதோடு இன்றைய பெட்ரோலைச் சேர்த்துப் பார். 2023இல் பங்க்குகளுக்கு வரத் தொடங்கிய இ20இல் ஐந்தில் ஒரு பங்கு எத்தனால். ஒரே அளவு காற்றுக்கு அது 7, 8 சதவீதம் கூடுதலாக வேண்டும். உன் வண்டியின் ஜெட் 1994இல் கிடைத்த பெட்ரோலுக்கு வைத்தது. இரண்டையும் கூட்டினால் பத்து சதவீதத்துக்கு மேல் பற்றாக்குறை. நாலு ஸ்ட்ரோக் வண்டி இதை முக்கி முனகித் தாங்கும். காற்றில் ஆறும் டூ ஸ்ட்ரோக் தாங்காது.

2025 ஜனவரி 5

ஜாம் ஆன பிஸ்டன்கள் இரண்டையும் கழுவாமல் படம் எடுத்துப் போடு. துடைக்கவும் வேண்டாம்.

2025 ஜனவரி 7

படம் பார்த்தேன். தெளிவாக எடுத்திருக்கிறாய்.

சைலன்சர் பக்கம் மட்டும் நீளக் கோடுகள். பிஸ்டனின் தலை வெளுத்து, சுத்தமாக இருக்கிறது. இது சூட்டில் வந்த ஜாம், கலவை மெலிந்ததன் அடையாளம். புது பிஸ்டனை இறுக்கமான போரில் விட்டு, சூடாகும் முன் முறுக்கியிருந்தால் நாலு மூலையிலும் உராய்ந்திருக்கும். அப்படி இருந்தால் பழி போர் போட்ட லேத்துக்கோ ஓட்டியவருக்கோ போகும். மண் தின்ற பிஸ்டனில் கார்புரேட்டர் பக்கத்துப் பாவாடை, உப்புத்தாள் போட்டுத் தேய்த்ததுபோல் மங்கிச் சாம்பல் நிறமாக இருக்கும். உன் இரண்டாவது பிஸ்டனில் அதுவும் லேசாகத் தெரிகிறது. ஃபில்டரைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

மெலிவுக்கு மூன்று வாசல்கள். ஜெட் சின்னது, பெட்ரோல் வரும் வழியில் அடைப்பு, அல்லது கார்புரேட்டரைக் கேட்காமல் வேறு எங்கோ காற்று உள்ளே போகிறது. ஒரே வண்டியில் அடுத்தடுத்து ஜாம் என்றால் நான் மூன்றாவதைத்தான் முதலில் தேடுவேன். டூ ஸ்ட்ரோக்கில் பிஸ்டனுக்குக் கீழே கிராங்க் சுற்றும் அறையான கிராங்க் கேஸும் ஒரு பம்ப். பிஸ்டன் மேலே போகும்போது அது உறிஞ்சுகிறது. கிராங்கின் இரு பக்கமும் இருக்கும் ஆயில் சீல், சிலிண்டர் அடிப் பேக்கிங், கலவையை உள்ளே மட்டும் விடும் ரீடு வால்வு உட்காரும் இடம், கார்புரேட்டரை இன்ஜினோடு இணைக்கும் மேனிஃபோல்டு ரப்பர், இதில் எது பிளந்தாலும் அங்கிருந்து வெறும் காற்று வரும். அந்தக் காற்றோடு பெட்ரோலும் வராது, ஆயிலும் வராது. போர் போட்டவர்கள் யாரும் இந்த இடங்களைத் தொடவே இல்லை.

2025 ஜனவரி 8

எந்தப் பக்கத்து ஆயில் சீல் போனால் என்ன அறிகுறி என்று, இடது, வலது பிரித்துக் கேட்ட பொள்ளாச்சி நண்பருக்கு.

ஆர்எக்ஸில் இடப்பக்கம் மின்சாரம் தரும் மேக்னெட். அந்த சீல் போனால் காற்று வரும். ஆக்சிலேட்டரை விட்டபிறகும் ஆர்பிஎம் இறங்காமல் தொங்கும், ஐடில் ஒரு நாள் இருப்பதுபோல் மறுநாள் இருக்காது. வலப்பக்கம் கிளட்ச். அந்த சீல் போனால் காற்றுக்குப் பதில் கியர் ஆயில் உள்ளே வரும். வெள்ளைப் புகை, நனைந்த பிளக், கியர் ஆயில் மட்டம் இறங்கிக்கொண்டே போகும், கீழே ஒரு சொட்டும் சிந்தியிருக்காது.

எனக்கு வந்தது வலப்பக்கம். தோப்புக்குப் போய்வரும் வண்டி. புகையைப் பார்த்ததும் ஒரு பட்டறையில் பிஸ்டன் ரிங் மாற்றிக் கொடுத்தார்கள். புகை அப்படியே இருந்தது. மறுபடி போனபோது போர் போடச் சொன்னார்கள். வீட்டுக்குக் கொண்டுவந்து சைலன்சர் வாயில் விரல் விட்டு மோந்து பார்த்தேன். 2டி ஆயில் எரிந்த வாசனை வேறு, கியர் ஆயில் வாசனை வேறு. ரப்பர் சீல் ஒன்றில் முடிய வேண்டிய வேலைக்கு ஒரு நல்ல ஜப்பான் சிலிண்டரை அறுத்துப் பெரிதாக்கப் பார்த்தார்கள் என்பது இன்றைக்கும் ஆத்திரமாகத்தான் இருக்கிறது. அறுத்த இரும்பு திரும்பி வராது. ஆர்எக்ஸ் 100 தயாரிப்பு 1996இல் நின்றுவிட்டது. அந்தக் காலத்து வார்ப்பு இன்று சென்னைப் புதுப்பேட்டையின் பழைய பாகக் கடைகளில் கிடைத்தாலும் யாரோ ஏற்கெனவே முழு சைஸும் தின்றுவிட்டதாகத்தான் இருக்கும்.

2025 ஜனவரி 11

சோதிப்பது எப்படி என்று நிறையப் பேர் கேட்டிருக்கிறீர்கள். தனிக் கருவி வாங்கத் தேவையில்லை. வீட்டில் பிபி பார்க்கும் பழைய மாடல், கையால் அமுக்கும் ரப்பர் குமிழும் முள் வட்டமும் உள்ளது இருந்தால் போதும். அந்த முள் 300 வரை போகும். 300 மில்லிமீட்டர் பாதரசம் என்றால் 5.8 பிஎஸ்ஐ. கிராங்க் கேஸ் சோதனைக்குத் தேவை சுமார் 6. பொருத்தம் இதைவிடக் கச்சிதமாக அமையாது. ஆனால் பாட்டி மாத்திரை போடும் வீட்டில் அவரிடம் கேட்டுவிட்டு எடுங்கள்.

சைலன்சரைக் கழற்றி, சிலிண்டரில் அது மாட்டியிருந்த வாயில் லாரி டியூப் ரப்பரை வெட்டி வைத்து, மேலே ஒரு இரும்புப் பட்டையால் இறுக்கு. கார்புரேட்டரைக் கழற்றி மேனிஃபோல்டு ரப்பரில் ஒரு கார்க்கை அடைத்து, கார்க்கின் நடுவே துளை போட்டுக் குழாயைச் சொருகு. பிளக் இருக்கட்டும். மேனிஃபோல்டில் ஆயில் பைப்புக்குத் துளை ஏதாவது மிச்சம் இருந்தால் அதையும் அடை. பிஸ்டனைக் கீழே இறக்கி வைத்து, மெதுவாக 300 வரை ஏற்று. அதற்கு மேல் காற்றடிக்கும் பம்ப்பை வைத்து ஏற்றாதே, நல்ல சீலே பிதுங்கி வெளியே வந்துவிடும்.

நல்ல இன்ஜினில் ஐந்து நிமிடத்துக்கு முள் கிட்டத்தட்ட அசையாது. நிமிடத்துக்கு 50க்கு மேல் இறங்கினால் கசிவு உண்டு. சோப்புத் தண்ணீரைத் தூரிகையால் ஒவ்வொரு இணைப்பிலும் தடவு. முதலில் நீ வைத்த ரப்பர் அடைப்பையே தடவு, முக்கால்வாசி நேரம் அங்கேதான் நுரைக்கும். மேக்னெட் பக்கத்துக்கு மேக்னெட்டைக் கழற்ற வேண்டும், அதற்கென்று புல்லர் இருக்கிறது, சுத்தியல் வேண்டாம். கிளட்ச் பக்கம் நுரையைக் காண மூடியைக் கழற்ற வேண்டும். அதற்கு முன் கியர் ஆயில் ஊற்றும் துளையில் சோப்புப் படலம் வைத்துப் பார், அது உப்பினால் வலது சீல் விடுகிறது.

2025 ஜனவரி 12

நேற்று எழுதியதோடு ஒன்றைச் சேர்க்க வேண்டும். அழுத்தத்தில் பிடித்து நிற்கும் சீல், உறிஞ்சும்போது விட்டுக்கொடுக்கலாம். காய்ந்து கெட்டியான சீலின் உதட்டைக் காற்று உள்ளிருந்து தள்ளினால் அது தண்டோடு ஒட்டிக்கொள்ளும், இன்ஜின் காற்றை உள்ளே உறிஞ்சினால் விலகும். அதனால் சோதனையில் தேறினாலும், சீலின் வயது தெரியவில்லை என்றால் இரண்டையும் மாற்றிவிடு. போருக்கும் பிஸ்டனுக்கும் கொடுக்கும் பணத்தில் சீல் ஒரு ஓரம்.

2025 ஜனவரி 19

தம்பியிடமிருந்து செய்தி. மேக்னெட் சீலில் நுரை பொங்கியது, மேனிஃபோல்டு ரப்பரின் அடியில் மயிரிழை வெடிப்பு. இரண்டு இடம்! இனி போர் போடலாம்.

ஆனால் அதற்கு முன் கிராங்க். பிஸ்டனை உச்சியில் வைத்து கனெக்டிங் ராடை மேலும் கீழும் இழுத்துப் பார். பக்கவாட்டில் கொஞ்சம் ஆடலாம், அது அதன் இயல்பு. மேலும் கீழும் துளிகூட ஆடக் கூடாது. ஆடினால் கிராங்க் லேத்துக்குப் போக வேண்டும், ராடு கிட் மாற்றி, இரு பக்கத் தண்டும் நேராக ஓடுகிறதா என்று டயல் வைத்துப் பார்ப்பவரிடம் மட்டும் கொடு. இரண்டு ஜாமில் உலோகத் தூள் கீழே இறங்கியிருக்கும். பெட்ரோல் ஊற்றிக் கழுவி, தூள் வருவது நிற்கும்வரை கவிழ்த்து எடு.

2025 ஜனவரி 20

போர் வேலையில் நான் விட்டுக்கொடுக்காதவை சில.

பிஸ்டனைக் கையில் கொண்டுபோய், அதை அளந்து, அதற்கேற்ப போர் போடச் சொல்ல வேண்டும். பெட்டியில் 0.75 ஓவர்சைஸ் என்று போட்டிருப்பதை நம்பிப் போர் போட்டுவைத்துவிட்டுப் பிஸ்டன் தேடுவது தலைகீழ். இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் நூறில் மூன்று, நான்கு பங்குதான், அதற்குள் பெட்டிக்குப் பெட்டி வித்தியாசம் இருக்கிறது.

போர் முடிந்ததும் சிலிண்டரில் கலவையும் புகையும் போய்வரும் ஜன்னல்களின் விளிம்பு கத்தியாக இருக்கும். அதை லேசாகச் சரித்துவிட வேண்டும். விட்டால் ரிங் அதில் மாட்டி உடையும். நிறைய லேத்துகளில் கேட்டால்தான் செய்கிறார்கள், கேட்டு வாங்கு.

ரிங்கைத் தனியாகப் போருக்குள் விட்டு, பிஸ்டன் தலையால் நேராகத் தள்ளி, வாய் இடைவெளியை ஃபீலர் கேஜால் பார். 50 மில்லிமீட்டர் போருக்கு 0.15 முதல் 0.35 வரை இருந்தால் நிம்மதி. பிஸ்டன் தலையில் உள்ள அம்புக்குறி சைலன்சரைப் பார்க்க வேண்டும். ரிங் வாய், காடியில் இருக்கும் குட்டி முளையோடு சேர வேண்டும். சிலிண்டரை இறக்கும்போது திருகாதே, நேராக இறக்கு. பிஸ்டனை ராடோடு இணைக்கும் கட்ஜன் பின்னைப் பிடிக்கும் லாக் கம்பி புதிது மட்டுமே. பழையதை நிமிர்த்திப் போடுவதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அது கழன்றால் போர் முழுக்க ஒரு பள்ளம்.

2025 ஜனவரி 26

ஃபில்டர். மண்ணில் ஓட்டுபவர்களுக்கு இதுதான் இன்ஜினின் ஆயுள்.

எங்கள் பக்கம் தென்னை நார் ஆலைகள். காய்ந்த நார்த் தூள் காற்றில் மிதக்கும், செம்மண்ணைவிட நுணுக்கம். தோப்புக்குள் ஒரு சுற்றுப் போய்வந்தாலே ஃபில்டரின் நிறம் மாறிவிடும். ஸ்பாஞ்சு ஃபில்டர் உலர்ந்திருந்தால் அது வெறும் கொசுவலை. எண்ணெய் ஊறியிருந்தால்தான் தூசியைப் பிடிக்கும். மண்ணெண்ணெயில் அலசி, சோப்புத் தண்ணீரில் கழுவி, நிழலில் முழுக்கக் காயவிட்டு, கியர் ஆயிலில் நனைத்து, சொட்டாத அளவுக்குப் பிழி. முறுக்கிப் பிழிந்தால் கிழியும், உள்ளங்கையில் வைத்து அமுக்கு. பெட்டியின் விளிம்பில் கொஞ்சம் கிரீஸ் தடவி மாட்டு.

மாட்டியபின் ஓட்டிவிட்டு வந்து, ஃபில்டருக்கும் கார்புரேட்டருக்கும் நடுவே உள்ள ரப்பருக்குள் வெள்ளைத் துணியால் துடைத்துப் பார். துணி சுத்தமாக வர வேண்டும். தம்பியின் வண்டியில் முந்தையவர் பெட்டியையே கழற்றி எறிந்துவிட்டுத் திறந்த ஃபில்டர் வைத்திருக்கிறார். ஜெட் மாற்றாமல் அதைச் செய்தால் மெலிவு இன்னும் கூடும். நான் என்றால் பழைய பெட்டியைத் தேடி மாட்டுவேன்.

2025 ஜனவரி 27

சைலன்சருக்குள் இருக்கும் குழாயை உருவிவிட்டால் வேகம் வரும் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். சத்தம் வரும், இழுவை போகும்.

டூ ஸ்ட்ரோக் சைலன்சர் வெறும் புகைக்குழாய் இல்லை. விரிந்து மறுபடி குறுகும் அந்த வடிவத்தில் அழுத்த அலை முட்டித் திரும்பி வந்து, வெளியே ஓடப் பார்க்கும் புதுக் கலவையைச் சிலிண்டருக்குள் திருப்பித் தள்ளும். இதைக் கணக்காக்கியவர் கிழக்கு ஜெர்மனியின் எம்இசட் நிறுவனத்தில் இருந்த வால்டர் காடன். அவர் வண்டியை ஓட்டிய எர்ன்ஸ்ட் டெக்னர் 1961 செப்டம்பரில், ஸ்வீடன் பந்தயத்தின்போது நாட்டை விட்டு வெளியேறி, அந்த அறிவோடு சுசூகியிடம் சேர்ந்தார். அடுத்த ஆண்டே 50 சிசி உலகப் பட்டம் அவருக்கும் சுசூகிக்கும். பின்னால் ஜப்பானியர் செய்த டூ ஸ்ட்ரோக்குகள் எல்லாவற்றிலும் காடனின் கை இருக்கிறது, ஆர்எக்ஸிலும்தான். அவருக்கு அதற்கான காசும் வரவில்லை, பேரும் தாமதமாகத்தான் வந்தது. ஹேக்ஸா பிளேடை எடுக்கும் முன் அவரை நினைத்துக்கொள்ளுங்கள்.

கரி எடுப்பது மட்டும் அவசியம். உள்குழாயை உருவி விறகுத் தீயில் போட்டு எரித்து, தட்டி, திரும்ப மாட்டு. சிலிண்டர் வாயில் படிந்த கரியை மூங்கில் குச்சியால் சுரண்டு, திருப்புளியால் வேண்டாம்.

2025 பிப்ரவரி 9

ஆயில் பம்ப்பைத் திரும்ப மாட்டலாமா என்ற கேள்வியை இதுவரை தள்ளிப்போட்டேன், ஏனென்றால் எனக்கே இரண்டு மனம்.

யமஹா 1964இல் கொண்டுவந்த ஆட்டோலூப் முறை அது. ஆக்சிலேட்டரையும் இன்ஜின் சுற்றையும் பார்த்து ஆயில் அளக்கும். ரேஸ்காரர்கள் கழற்றுவதற்கு நியாயம் உண்டு, பம்ப் நின்றால் ஓட்டுபவருக்குத் தெரியாது, ஜாம் ஆன பிறகுதான் தெரியும். பெட்ரோலில் கலந்துவிட்டால் அந்தப் பயம் இல்லை. ஆனால் வால்பாறையிலிருந்து ஆழியாறு இறங்குவதை யோசி. 40 கொண்டை ஊசி வளைவு, ஆக்சிலேட்டர் மூடியே இருக்கும், இன்ஜின் மட்டும் வேகமாகச் சுற்றும். கலந்து ஊற்றிய வண்டியில் பெட்ரோல் போகாவிட்டால் ஆயிலும் போகாது. பம்ப் உள்ள வண்டியில் சுற்றுக்கு ஏற்ற குறைந்தபட்ச ஆயில் போய்க்கொண்டே இருக்கும்.

முன்பெல்லாம் எல்லாருக்கும் பம்ப்பே நல்லது என்று சொல்லிவந்தேன். இப்போது, மண்ணில் மட்டும் ஓட்டுபவருக்குக் கலந்து ஊற்றுவதே சரி என்று தோன்றுகிறது. விழுந்து எழும் வண்டியில் அந்த மெல்லிய ஆயில் குழாய் எப்போது கழன்றது என்று யார் பார்ப்பது? மலை ஏறி இறங்குபவர் பம்ப் வைத்துக்கொள்ளட்டும், அல்லது இறக்கத்தில் அடிக்கடி கிளட்ச் பிடித்து ஒரு முறுக்கு முறுக்கட்டும்.

கலப்பவர்கள் லிட்டருக்கு 25 மில்லி. ஜப்பானியத் தரக் குறியான ஜாசோ எஃப்சி அல்லது எஃப்டி என்று டப்பாவில் போட்டிருக்க வேண்டும். நாலு ஸ்ட்ரோக் இன்ஜின் ஆயில் கூடவே கூடாது. எத்தனால் தண்ணீரை இழுப்பதால், கலந்த பெட்ரோலை டேங்க்கில் மாதக்கணக்கில் வைக்காதீர்கள்.

2025 பிப்ரவரி 16

தம்பி ஸ்டார்ட் செய்துவிட்டார். காணொளியில் சத்தம் கேட்டேன், ஐடில் நிற்கிறது, முறுக்கி விட்டால் உடனே இறங்குகிறது. அந்த இறக்கத்தைக் கேட்கத்தான் காத்திருந்தேன்.

முதலில் நிற்கவைத்தே சூடாக்கி, முழுக்க ஆறவிட்டு, மறுபடி சூடாக்கு. பிறகு ரோட்டில், ஒரே வேகத்தில் நீள ஓட்டாமல் ஏற்றி இறக்கி ஓட்டு. மெயின் ஜெட் ஒரு சைஸ் பெரிதாகவே இருக்கட்டும். பெரிதாக இருந்தால் பிளக் கறுக்கும், அவ்வளவுதான். சின்னதாக இருந்தால் என்ன ஆகும் என்று உனக்கே தெரியும்.

2025 பிப்ரவரி 17

பிளக் நிறம் பற்றி. இஞ்சி டீ நிறம் வர வேண்டும் என்பது பழைய வழக்கு. இ20இல் பிளக் கொஞ்சம் வெளுத்தே வரும், அதை மட்டும் வைத்து ஜெட்டை முடிவு செய்யாதே. முழு ஆக்சிலேட்டரில் ஓட்டி, அப்படியே கிளட்ச் பிடித்து இன்ஜினை நிறுத்தி, பிளக்கின் வெள்ளைப் பீங்கான் அடியில் இருக்கும் வளையத்தைப் பார்.

2025 மார்ச் 8

ஆர்சி பற்றிக் கேட்டவர்களுக்குச் சேர்த்து. 15 வருடம் முடிந்தால் ஐந்தைந்து வருடமாகப் புதுப்பிக்க வேண்டும், பசுமை வரியும் உண்டு. 1994 வண்டி என்றால் இதற்குள் பலமுறை புதுப்பித்திருக்க வேண்டும், வாங்கும்போது கடைசித் தேதியைப் பாருங்கள். மண்ணில் ஓடிய வண்டிகளில் கிராங்க் கேஸ் உடைந்து வேறு கேஸ் மாற்றியிருப்பார்கள், அப்போது இன்ஜின் எண் ஆர்சியோடு பொருந்தாது. ஸ்டீயரிங் கழுத்தில் அடித்திருக்கும் சேஸ் எண்ணையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

தம்பி, நீ ஃப்ரேமைப் பெயின்ட்டுக்கு அனுப்பப் போவதாகச் சொன்னாய். அந்த எண்ணின் மேல் டேப் ஒட்டிவிட்டு அனுப்பு. கெட்டியாகப் பெயின்ட் அப்பிவிட்டால் ஆர்டிஓவில் காட்டும்போது சுரண்ட வேண்டிவரும், சுரண்டிய எண்ணைப் பார்த்தால் அவர்களுக்குச் சந்தேகம் வரும். பெயின்ட் முடியும்வரை இன்ஜின் வாய்கள் இரண்டையும் துணி அடைத்துக் கட்டி வை.